கலப்புக் கிரையோகுளோபுலினேமியா

கலப்புக் கிரையோகுளோபுலினேமியா என்பது, குளிரில் வீழ்படிவாகும் இயல்புடைய பிறபொருளெதிரிகள் குருதியில் தோன்றி, சிறிய குருதிக்குழாய்களின் சுவர்களில் படிந்து, அங்கு அழற்சியை உண்டாக்கும் ஒரு நோய் ஆகும். தோல், மூட்டுகள், நரம்புகள், சிறுநீரகங்கள் ஆகியவை இதனால் பெரிதும் பாதிக்கப்படுகின்றன. கால்களில் தோன்றும் செவ்வூதாப் புள்ளிகள், மூட்டு வலி, உடற்சோர்வு ஆகிய மூன்றும் இதன் முதன்மையான அறிகுறிகள் ஆகும்.

நெடுங்காலம் இது காரணம் அறியப்படாத நோயாகவே கருதப்பட்டது. 1989ஆம் ஆண்டில் கல்லீரல் அழற்சி சி வைரஸ் கண்டறியப்பட்ட பின்னர், பெரும்பாலான நோயாளிகளிடம் இந்நோய்க்கு மூலமாக இருப்பது அவ்வைரஸே என்பது தெரியவந்தது. அவ்வைரஸை உடலில் இருந்து முற்றிலும் அகற்றும் மருந்துகள் இன்று கிடைப்பதால், உரிய காலத்தில் கண்டறியப்பட்டால் பெரும்பாலோரிடம் இந்நோயைக் கட்டுப்படுத்த முடிகிறது. எனினும் இதை உறுதிப்படுத்தும் குருதிச் சோதனை எளிதில் பிழைபடக்கூடியது. எடுக்கப்பட்ட குருதி ஆய்வகத்தில் பிரிக்கப்படும் முன்னரே குளிர்ந்துவிட்டால், நோய் இருந்தும் இல்லை என்ற முடிவு வரக்கூடும்.

பெயர்

கிரையோ என்பது பனிக்குளிர் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. குளோபுலின் என்பது குருதியில் உள்ள ஒரு புரத வகை. ஏமியா என்னும் பின்னொட்டு குருதியில் இருத்தலைக் குறிக்கும். எனவே கிரையோகுளோபுலினேமியா என்பதற்கு, குளிரில் வீழ்படிவாகும் குளோபுலின் குருதியில் இருக்கும் நிலை என்று பொருள் கொள்ளலாம். அவ்வீழ்படிவில் ஒன்றுக்கு மேற்பட்ட பிறபொருளெதிரி வகைகள் கலந்திருந்தால் அது கலப்பு என்ற அடைமொழியைப் பெறுகிறது.

குருதியில் கிரையோகுளோபுலின் இருப்பது மட்டுமே நோய் ஆகாது. நாட்பட்ட கல்லீரல் அழற்சி சி உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் குருதியில் இப்புரதங்களைக் காணலாம். ஆனால் அவர்களுள் சிறு பகுதியினருக்கே அறிகுறிகள் தோன்றுகின்றன. அறிகுறிகளுடன் கூடிய நிலை கிரையோகுளோபுலினேமியக் குருதிக்குழாய் அழற்சி எனவும் அழைக்கப்படுகிறது.

கிரையோகுளோபுலின்கள்

உடலுக்குள் நுழையும் கிருமிகளை அடையாளம் கண்டு அவற்றுடன் பிணையும் புரதங்கள் பிறபொருளெதிரிகள் ஆகும். இவற்றைப் பி-உயிரணுக்கள் எனப்படும் வெண்குருதி அணுக்களின் வழித்தோன்றல்கள் உருவாக்குகின்றன. பிறபொருளெதிரிகளில் பல வகுப்புகள் உண்டு. அவற்றுள் ஐஜிஜி, ஐஜிஎம் என்னும் இரண்டும் இந்நோயில் முதன்மையானவை. ஐஜிஜி ஒற்றை மூலக்கூறாக இருப்பது. குருதியில் மிகுதியாகக் காணப்படுவது. ஐஜிஎம் என்பது அத்தகைய ஐந்து அலகுகள் ஒன்றிணைந்த பெரிய மூலக்கூறு.

பிறபொருளெதிரி வழக்கமாக ஒரு கிருமியின் பகுதியுடன் பிணையும். சில வேளைகளில் அது மற்றொரு பிறபொருளெதிரியுடனேயே பிணைகிறது. ஐஜிஜி மூலக்கூறின் வால் பகுதியைப் பற்றிக்கொள்ளும் இத்தகைய பிறபொருளெதிரிக்கு முடக்குவாதக் காரணி என்று பெயர். முடக்குவாத நோயாளிகளிடம் முதலில் அறியப்பட்டதால் இப்பெயர் ஏற்பட்டது. எனினும் பிற நோய்களிலும் இது காணப்படும். கலப்புக் கிரையோகுளோபுலின் என்பது பெரும்பாலும் முடக்குவாதக் காரணியாகச் செயல்படும் ஐஜிஎம், அது பற்றிக்கொண்ட ஐஜிஜி ஆகிய இரண்டும் சேர்ந்த திரள் ஆகும். ஐந்து அலகுகள் கொண்ட ஐஜிஎம் ஒரே நேரத்தில் பல ஐஜிஜி மூலக்கூறுகளைப் பற்றவல்லது என்பதால் இத்திரள் வலைபோல் விரிந்து பெரிதாகிறது. வெப்பநிலை குறையும்போது இதன் கரைதிறனும் குறைகிறது. அப்போது இது கரைசலில் இருந்து பிரிந்து வெண்ணிற வீழ்படிவாகவோ கூழ் போலவோ அடியில் தங்கும். மீண்டும் 37 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் கரைந்துவிடும்.

வகைகள்

கிரையோகுளோபுலின்கள் அவற்றின் உட்கூறுகளைக் கொண்டு மூன்று வகைகளாகப் பிரிக்கப்படுகின்றன. பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த புரூவே என்பவரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1974ஆம் ஆண்டில் முன்வைத்த இவ்வகைப்பாடு இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

முதலாம் வகை: ஒரே ஓர் உயிரணுவின் வழித்தோன்றல்கள் உருவாக்கும், முற்றிலும் ஒரே மாதிரியான பிறபொருளெதிரி மட்டும் இருக்கும். இது கலப்பு வகை அன்று. மயலோமா எனும் எலும்பு மச்சைப் புற்றுநோய், சில நிணநீர்ப் புற்றுநோய்கள் ஆகியவற்றுடன் தொடர்புடையது.

இரண்டாம் வகை: ஒரே மாதிரியான ஐஜிஎம், பலவகைப்பட்ட ஐஜிஜியுடன் பிணைந்திருக்கும். இங்கு ஐஜிஎம் முடக்குவாதக் காரணியாகச் செயல்படுகிறது. கல்லீரல் அழற்சி சி தொற்றுடன் மிக நெருங்கிய தொடர்பு கொண்டது இவ்வகையே.

மூன்றாம் வகை: ஐஜிஎம், ஐஜிஜி ஆகிய இரண்டுமே பலவகைப்பட்டவையாக இருக்கும். நாட்பட்ட தொற்றுகளிலும் தன்னெதிர்ப்பு நோய்களிலும் காணப்படுகிறது.

இரண்டாம், மூன்றாம் வகைகளே கலப்புக் கிரையோகுளோபுலினேமியா என்னும் பெயரால் குறிக்கப்படுகின்றன. மூன்றாம் வகை நாளடைவில் இரண்டாம் வகையாக மாறக்கூடும். பலவகைப்பட்ட பி-உயிரணுக்களுள் ஏதேனும் ஒன்றின் வழித்தோன்றல்கள் மட்டும் பெருகி முன்னிலை பெறுவதால் இது நிகழ்கிறது என்று கருதப்படுகிறது.

வரலாறு

குளிரில் வீழ்படிவாகும் குருதிப் புரதத்தை 1933ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த வின்ட்ரோப், புயல் ஆகிய இருவரும் முதன்முதலில் விவரித்தனர். அவர்கள் ஆய்ந்தது மயலோமா நோயாளி ஒருவரின் குருதியை ஆகும். இப்புரதத்துக்குக் கிரையோகுளோபுலின் என்ற பெயரை லெர்னர், வாட்சன் ஆகியோர் 1947இல் இட்டனர்.

1966ஆம் ஆண்டில் மெல்ட்சர், பிராங்கிளின் ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும், கலப்பு வகைக் கிரையோகுளோபுலின் உள்ளவர்களிடம் செவ்வூதாப் புள்ளிகள், மூட்டு வலி, உடற்சோர்வு ஆகியவை சேர்ந்தே வருவதைக் கவனித்தனர். இம்மூன்றும் மெல்ட்சர் மும்மை என்று அழைக்கப்படுகின்றன. அப்போது வேறு எந்த நோயுடனும் தொடர்புபடுத்த இயலாதவர்களின் நிலைக்குத் தான்தோன்றிக் கலப்புக் கிரையோகுளோபுலினேமியா என்று பெயர் வழங்கியது. ஆயினும் இந்நோயாளிகள் பலரின் கல்லீரல் சீர்கெட்டிருப்பதை மருத்துவர்கள் கண்டனர். கல்லீரலைத் தாக்கும் வைரஸ் ஒன்று இதற்குப் பின்னால் இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. 1970களில் கல்லீரல் அழற்சி பி வைரஸே காரணம் என்று கருதப்பட்டது. ஆனால் பெரும்பாலானோரிடம் அத்தொற்று இல்லை என்பது பின்னர் தெளிவாயிற்று.

1989இல் மைக்கேல் ஹௌட்டனும் அவருடைய குழுவினரும் கல்லீரல் அழற்சி சி வைரஸின் மரபுப்பொருளைப் பிரித்தெடுத்தனர். அதைத் தொடர்ந்து வைரஸுக்கான குருதிச் சோதனைகள் உருவாயின. அச்சோதனைகளைத் தான்தோன்றி நோயாளிகளிடம் செய்தபோது, அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இவ்வைரஸின் தொற்றுக்கு ஆளானவர்கள் என்பது புலப்பட்டது. 1992இல் அமெரிக்காவைச் சேர்ந்த அன்யெல்லோ குழுவினர், குளிர்விக்கப்பட்ட குருதியின் வீழ்படிவில் வைரஸின் ஆர்.என்.ஏ பன்மடங்கு செறிந்திருப்பதைக் காட்டினர். வைரஸுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு இதனால் உறுதிப்பட்டது. கல்லீரல் அழற்சி சி வைரஸின் கண்டுபிடிப்புக்காக ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் ஆகிய மூவருக்கும் 2020ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

காரணங்கள்

கல்லீரல் அழற்சி சி

கலப்பு வகைக்கு மிக முதன்மையான காரணம் இத்தொற்றே ஆகும். 2004ஆம் ஆண்டில் இத்தாலியில் இருந்து வெளியான, 231 நோயாளிகளைப் பற்றிய ஆய்வில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேலானோரிடம் இத்தொற்று காணப்பட்டது. வைரஸ் மருந்துகளால் தொற்றுக் குறைந்துவரும் நாடுகளில் பிற காரணங்களின் பங்கு இப்போது உயர்ந்து வருகிறது.

கல்லீரல் அழற்சி சி வைரஸ் குருதி வழியாகப் பரவுவது. சோதிக்கப்படாத குருதியை ஏற்றுதல், தூய்மையாக்கப்படாத ஊசிகளையும் மருத்துவக் கருவிகளையும் மீண்டும் பயன்படுத்துதல், போதைப்பொருள் ஊசிகளைப் பகிர்தல் ஆகியவை பரவும் வழிகள் ஆகும். தொற்று ஏற்பட்டவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரிடம் அது நாட்பட்ட தொற்றாக நிலைக்கிறது. பல ஆண்டுகள் எவ்வித அறிகுறியும் இன்றி இருப்பது இதன் இயல்பு. எனவே சிலரிடம் காலில் தோன்றும் புள்ளிகளே தொற்றின் முதல் வெளிப்பாடாக அமைந்துவிடுகின்றன.

பிற தொற்றுகள்

கல்லீரல் அழற்சி பி வைரஸ், எச்.ஐ.வி ஆகியவையும் கலப்பு வகையை உண்டாக்கக்கூடும். இதயத்தின் உள்ளுறையில் ஏற்படும் பாக்டீரியத் தொற்று, கருங்காய்ச்சல் போன்ற நாட்பட்ட தொற்றுகளிலும் கிரையோகுளோபுலின்கள் காணப்படுவதுண்டு.

தன்னெதிர்ப்பு நோய்கள்

தொற்று இல்லாதவர்களிடம் முதன்மையான காரணம் சோகிரன் நோய்க்கூட்டறிகுறி ஆகும். கண்ணீர்ச் சுரப்பிகளும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் பாதிக்கப்பட்டுக் கண்ணும் வாயும் உலர்ந்துபோவது இதன் அடையாளம். செம்முருடு எனப்படும் லூப்பஸ் நோய், முடக்குவாதம் ஆகியவற்றிலும் கலப்பு வகை தோன்றக்கூடும்.

நிணநீர்ப் புற்றுநோய்

பி-உயிரணுக்களில் தோன்றும் சில நிணநீர்ப் புற்றுநோய்களில் இரண்டாம் வகை காணப்படுகிறது. மறுதலையாக, கலப்பு வகையே நாளடைவில் நிணநீர்ப் புற்றுநோய்க்கு வழிவகுப்பதும் உண்டு.

இவற்றுள் எதுவும் இல்லாதவர்களின் நோய் மட்டுமே இன்று தான்தோன்றி வகை எனப்படுகிறது. இது கலப்பு வகையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆகும்.

நோய் உருவாகும் விதம்

கல்லீரல் அழற்சி சி வைரஸ் முதன்மையாகக் கல்லீரல் உயிரணுக்களிலேயே பெருகுகிறது. ஆயினும் அதன் மேலுறைப் புரதம் பி-உயிரணுக்களின் மேற்பரப்பில் உள்ள சிடி81 எனும் புரதத்துடனும் பிணையவல்லது. வைரஸை உடலால் அகற்ற இயலாதபோது, பி-உயிரணுக்கள் ஆண்டுக்கணக்கில் இடைவிடாது தூண்டப்படுகின்றன. ஓயாத இத்தூண்டலின் விளைவாக, முடக்குவாதக் காரணியை உருவாக்கும் பி-உயிரணுக்கள் பெருகுகின்றன.

வைரஸ், அதற்கு எதிரான ஐஜிஜி, அந்த ஐஜிஜியைப் பற்றும் ஐஜிஎம் ஆகியவை சேர்ந்து திரள்களாகின்றன. இயல்பான நிலையில் இத்தகைய திரள்களைக் கல்லீரலும் மண்ணீரலும் குருதியில் இருந்து நீக்கிவிடும். நீக்கும் வேகத்தை மிஞ்சி அவை உருவாகும்போது சிறிய குருதிக்குழாய்களின் சுவர்களில் படிகின்றன. அங்கு நிரப்புப் புரதங்கள் எனப்படும் நோயெதிர்ப்புப் புரதங்கள் செயல்படத் தொடங்குகின்றன. அவற்றின் அழைப்பை ஏற்று வெண்குருதி அணுக்கள் வந்து குழுமுகின்றன. குழாயின் சுவர் சிதைந்து, குருதி அணுக்கள் வெளியே கசிகின்றன.

குளிரின் பங்கு

நோயின் பெயரில் குளிர் இருந்தபோதிலும், கலப்பு வகையில் பாதிப்புக்கு அடிப்படை குளிர் அன்று. மேற்கூறிய அழற்சியே ஆகும். சிறுநீரகம் போன்று எப்போதும் உடல்வெப்பத்திலேயே இருக்கும் உறுப்புகளும் தாக்கப்படுவது இதனைக் காட்டுகிறது. எனவே வெப்ப நாடுகளில் வாழ்வோருக்கும் இந்நோய் வரும். இதற்கு மாறாக, முதலாம் வகையில் புரதமே குருதிக்குழாய்களை அடைத்துவிடுகிறது. குளிர் படும்போது விரல் நுனி, மூக்கு, காது ஆகியவை கறுத்துப்போதல் அவ்வகையிலேயே மிகுதியாகக் காணப்படுகிறது.

அறிகுறிகள்

கலப்பு வகை ஓர் அரிய நோய். ஆண்களைவிடப் பெண்களிடம் மிகுதியாகவும், பெரும்பாலும் நடுத்தர வயதிலும் அதற்குப் பின்னரும் காணப்படுகிறது. இத்தாலி முதலிய நடுநிலக்கடல் நாடுகளில் இது கூடுதலாக அறியப்பட்டுள்ளது. அறிகுறிகள் சில நாள் தோன்றிப் பின் மறைந்து, மீண்டும் தோன்றும் இயல்புடையவை.

தோல்: பர்ப்பூரா எனப்படும் செவ்வூதாப் புள்ளிகள் ஏறத்தாழ எல்லா நோயாளிகளிடமும் ஏதேனும் ஒரு காலத்தில் தோன்றுகின்றன. இவை விரலால் தடவினால் சற்றே தடித்திருப்பது தெரியும். அழுத்தினாலும் நிறம் மறையாது. முழங்காலுக்குக் கீழே தொடங்கி மேல்நோக்கிப் பரவக்கூடும். நெடுநேரம் நிற்பதும் நடப்பதும் இவற்றை மிகுதியாக்கும். சில நாள்களில் மறைந்தாலும், அடிக்கடி வந்துபோன இடத்தில் பழுப்பு நிறக் கறை தங்கிவிடும். முற்றிய நிலையில் கணுக்காலைச் சுற்றி எளிதில் ஆறாத புண்கள் தோன்றும்.

மூட்டுகள்: கை, முழங்கால், கணுக்கால் மூட்டுகளில் இரு பக்கமும் வலி இருக்கும். எலும்பை அரிக்கும் அளவுக்கு அழற்சி ஏற்படுவது அரிது. முடக்குவாதக் காரணி சோதனையில் தென்படுவதால், இந்நோயாளிகள் சிலர் முடக்குவாத நோயாளிகள் என்று தவறாகக் கருதப்பட்டுச் சிகிச்சை பெறுவதுண்டு.

சோர்வு: ஓய்வினால் நீங்காத சோர்வு இந்நோயில் பொதுவானது. புள்ளிகளைப் போல் கண்ணுக்குத் தெரியாததால் இது பெரும்பாலும் பொருட்படுத்தப்படுவதில்லை.

நரம்புகள்: நரம்புகளுக்குக் குருதி வழங்கும் நுண்குழாய்கள் பாதிக்கப்படுவதால் புறநரம்பு நோய் ஏற்படுகிறது. பாதங்களில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, மரத்துப்போதல் ஆகியவை இதன் வெளிப்பாடுகள். இவை இரவில் மிகுதியாகலாம். சிலரிடம் ஒரு தனி நரம்பு திடீரெனச் செயலிழந்து, பாதத்தைத் தூக்க இயலாத நிலை ஏற்படும். மேற்கூறிய இத்தாலிய ஆய்வில் ஐந்தில் நான்கு பேரிடம் புறநரம்பு நோய் காணப்பட்டது.

சிறுநீரகம்: ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் சிறுநீரகத்தின் வடிகட்டும் பகுதிகளான கலன்கோளங்கள் அழற்சி அடைகின்றன. சிறுநீரில் புரதமும் குருதியும் வெளியேறும். குருதி அழுத்தம் உயரும், கால்கள் வீங்கக்கூடும். தொடக்கத்தில் வலியோ வேறு உணர்வோ இல்லாததால், சிறுநீர்ச் சோதனையினாலேயே இதனை அறிய முடியும். நோயின் போக்கைத் தீர்மானிப்பதில் சிறுநீரகப் பாதிப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

பிற: குளிரில் விரல்கள் வெளுத்து நீலமாதல், கண்ணும் வாயும் உலர்தல், கல்லீரல் சீர்கேடு ஆகியவையும் காணப்படும். குடல், நுரையீரல், இதயம், மூளை ஆகியவற்றின் குருதிக்குழாய்கள் தாக்கப்படுவது அரிது. ஆனால் அவ்வாறு நேர்ந்தால் அது உயிருக்கு ஆபத்தானது. கடும் வயிற்று வலி, இருமலில் குருதி வருதல், மூச்சுத் திணறல் ஆகியவை உடனடி மருத்துவ உதவி தேவைப்படும் அறிகுறிகள் ஆகும்.

நோயறிதல்

கிரையோகுளோபுலின் சோதனை

குருதி உறைந்த பின் மேலே தெளிந்து நிற்கும் நீர்மம் சீரம் எனப்படும். சீரத்தைக் குளிர்வித்து வீழ்படிவு தோன்றுகிறதா என்று பார்ப்பதே இச்சோதனை. இதன் கோட்பாடு எளிது, செயல்முறை கடினம். சோதனை பின்வரும் படிகளில் நடைபெறும்.

1. ஊசிக்குழலும் குழாயும் முன்கூட்டியே 37 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கப்படுகின்றன. 10 முதல் 20 மில்லிலிட்டர் வரை குருதி எடுக்கப்படுகிறது. உறைவைத் தடுக்கும் பொருள் எதுவும் சேர்க்கப்படுவதில்லை.

2. குழாய் 37 பாகையிலேயே ஆய்வகத்துக்குக் கொண்டுசெல்லப்படுகிறது. இளஞ்சூட்டு நீர் நிரப்பிய தெர்மாஸ் குடுவை இதற்குப் பயன்படும்.

3. அதே வெப்பநிலையில் குருதி முழுவதும் உறையும் வரை வைக்கப்பட்டு, பின்னர் வெதுவெதுப்பாக வைக்கப்பட்ட மையவிலக்கியில் சுழற்றிச் சீரம் பிரிக்கப்படுகிறது.

4. பிரித்த சீரம் 4 பாகையில் ஏழு நாள்கள் வைக்கப்பட்டு, நாள்தோறும் பார்க்கப்படுகிறது. முதலாம் வகை பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வீழ்படிவாகும். மூன்றாம் வகைக்குப் பல நாள்கள் ஆகலாம்.

5. வீழ்படிவு தோன்றினால் அதன் ஒரு பகுதி மீண்டும் 37 பாகைக்குச் சூடாக்கப்படுகிறது. கரைந்தால் அது கிரையோகுளோபுலின். சீரத்தின் கன அளவில் வீழ்படிவு எத்தனை விழுக்காடு என்பதும் அளவிடப்படுகிறது. பின்னர் அதில் உள்ள பிறபொருளெதிரிகளைப் பிரித்தறிந்து வகை முடிவு செய்யப்படுகிறது.

சோதனை பிழைபடுவது பெரும்பாலும் முதல் மூன்று படிகளிலேயே ஆகும். சீரத்தைப் பிரிக்கும் முன்னரே குருதி குளிர்ந்தால், கிரையோகுளோபுலின் வீழ்படிவாகிக் குருதிக்கட்டியுடன் சேர்ந்து அடியில் தங்கிவிடும். மேலே பிரித்தெடுக்கப்படும் சீரத்தில் அது இராது. குளிரூட்டப்பட்ட அறையின் வெப்பநிலை மட்டும் அன்றி, வெப்ப நாடுகளின் வழக்கமான அறை வெப்பநிலையான 28 முதல் 32 பாகையும் 37 பாகைக்குக் குறைவானதே. ஆகவே வெயில் மிகுந்த ஊர்களிலும் இக்கவனம் தேவைப்படுகிறது. ஏழு நாள்கள் காத்திராமல் ஓரிரு நாள்களில் சோதனையை முடிப்பதும் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். அறிகுறிகள் பொருந்தி வருபவரிடம் ஒருமுறை வீழ்படிவு காணப்படாததை மட்டும் கொண்டு நோய் இல்லை என்று முடிவு செய்வதில்லை. சோதனை மீண்டும் செய்யப்படும்.

மறைமுக அடையாளங்கள்

நிரப்புப் புரதங்களுள் சி4 மிகவும் குறைந்தும், சி3 இயல்பாகவோ சற்றே குறைந்தோ இருப்பது இந்நோயின் தனி அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. சி4 குறைவு, முடக்குவாதக் காரணி, காலில் புள்ளிகள் ஆகிய மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால், கிரையோகுளோபுலின் சோதனை வெறுமையாக இருந்தாலும் ஐயம் நீங்காது. குளிர்ந்த குருதியில் தோன்றும் வீழ்படிவுத் துகள்களைத் தானியங்கிக் கருவிகள் வெண்குருதி அணுக்கள் என்றோ குருதிச் சிறுதட்டுகள் என்றோ தவறாக எண்ணிவிடுவதும் உண்டு. காரணமற்ற இத்தகைய எண்ணிக்கை உயர்வு நோயைக் கண்டறிய உதவியிருக்கிறது.

பிற சோதனைகள்

நோய் உறுதியானதும் காரணத்தைத் தேடுவது கட்டாயம் ஆகும். கல்லீரல் அழற்சி சி, பி, எச்.ஐ.வி ஆகியவற்றுக்கான சோதனைகள் முதலில் செய்யப்படுகின்றன. வைரஸுக்கு எதிரான பிறபொருளெதிரியைத் தேடுவதுடன் வைரஸின் ஆர்.என்.ஏவும் தேடப்படும். தன்னெதிர்ப்பு நோய், நிணநீர்ப் புற்றுநோய் ஆகியவற்றுக்கான சோதனைகளும் தேவைப்படலாம். தோலில் இருந்தோ சிறுநீரகத்தில் இருந்தோ எடுக்கப்படும் சிறு திசுவை நுண்ணோக்கியில் ஆய்வதன் மூலம் குருதிக்குழாய் அழற்சியை நேரடியாகக் காணலாம்.

ஆய்வுகளில் நோயாளிகளை ஒரே அளவுகோலால் வகைப்படுத்துவதற்காக 2011இல் பன்னாட்டு வரன்முறை ஒன்று வெளியிடப்பட்டது. நோயாளியிடம் கேட்கும் வினாக்கள், மருத்துவர் காணும் அறிகுறிகள், ஆய்வக முடிவுகள் ஆகிய மூன்று பிரிவுகளில் குறைந்தது இரண்டு நிறைவு பெற வேண்டும் என்பது அதன் விதி. இதனுடன், குறைந்தது 12 வார இடைவெளியில் இருமுறை சீரத்தில் கிரையோகுளோபுலின் காணப்பட்டிருக்க வேண்டும்.

சிகிச்சை

சிகிச்சை மூன்று நோக்கங்களைக் கொண்டது. நோயைத் தூண்டும் மூலக்காரணத்தை அகற்றுவது முதலாவது. கிரையோகுளோபுலினை உருவாக்கும் பி-உயிரணுக்களை அடக்குவது இரண்டாவது. படிந்துவிட்ட திரள்களால் எழும் அழற்சியைத் தணிப்பது மூன்றாவது. எதற்கு முதலிடம் என்பது நோயின் கடுமையைப் பொறுத்தது.

வைரஸ் எதிர்ப்பு மருந்துகள்

1980களின் இறுதியில் இருந்து இன்டர்பெரான் ஊசி மருந்து பயன்படுத்தப்பட்டது. 1994ஆம் ஆண்டில் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்றில், இன்டர்பெரானால் குருதியில் வைரஸ் மறைந்தவர்களிடம் தோல் புள்ளிகளும் குறைந்தன. மருந்தை நிறுத்தியதும் வைரஸ் திரும்பியது. அத்துடன் கிரையோகுளோபுலினும் திரும்பியது. மருந்து நிலைத்த பலனைத் தரவில்லை எனினும், வைரஸும் நோயும் ஒன்றாக மறைந்து ஒன்றாக மீள்வதை இந்த ஆய்வு காட்டியது. பின்னர் ரிபாவிரின் மாத்திரையும் சேர்த்துத் தரப்பட்டது. இச்சிகிச்சை ஓராண்டு வரை நீண்டது. காய்ச்சல், மனச்சோர்வு, குருதிச்சோகை போன்ற பக்கவிளைவுகளால் பலரால் அதை முடிக்க இயலவில்லை. இன்டர்பெரான் சிலரிடம் நரம்பு நோயையும் புண்களையும் மோசமாக்கியது.

2013ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சோபோஸ்புவிர் இந்நிலையை மாற்றியது. வைரஸின் பெருக்கத்தை நேரடியாகத் தடுக்கும் இத்தகைய மருந்துகள் வெல்பட்டாஸ்விர் முதலிய பிற மருந்துகளுடன் இணைத்து, வழக்கமாக 8 முதல் 12 வாரங்களுக்கு மாத்திரையாகத் தரப்படுகின்றன. 90 விழுக்காட்டுக்கும் மேலானோரிடம் வைரஸ் முற்றிலும் நீங்குகிறது. தோல் புள்ளிகளும் மூட்டு வலியும் விரைவில் குறைகின்றன. சிறுநீரகப் பாதிப்பு மெதுவாகவும், நரம்புப் பாதிப்பு அதனினும் மெதுவாகவும் சீரடைகின்றன. சிதைந்த நரம்புகள் முழுமையாக மீள்வதில்லை.

தொடக்கத்தில் அமெரிக்காவில் 12 வாரச் சோபோஸ்புவிர் சிகிச்சையின் விலை 84,000 டாலராக இருந்தது. 2014இல் இந்திய மருந்து நிறுவனங்களுக்கு உற்பத்தி உரிமம் வழங்கப்பட்டதைத் தொடர்ந்து, அதன் பொதுப்பெயர் வடிவங்கள் 2015இல் இந்தியாவில் மிகக் குறைந்த விலைக்கு வந்தன. 2018 சூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இந்திய அரசு மருத்துவமனைகளில் கல்லீரல் அழற்சி சி நோய்க்கான சோதனையும் மருந்தும் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன.

ரிட்டுக்சிமாப்

சிறுநீரகம் விரைவாகச் செயலிழத்தல், கடும் நரம்பு நோய், ஆறாத புண்கள் ஆகியவை உள்ளவர்களுக்கு வைரஸ் மருந்தின் பலனுக்காகக் காத்திருக்க இயலாது. இவர்களுக்குப் பி-உயிரணுக்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் மருந்து குருதிக்குழாய் வழியாகச் செலுத்தப்படுகிறது. 2012இல் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் இருந்து வெளியான இரு ஒப்பீட்டு ஆய்வுகளில், பழைய சிகிச்சை முறைகளைவிட இது கூடுதல் பலன் தந்தது. வைரஸ் தொற்று இல்லாத கலப்பு வகையிலும் இதுவே முதன்மையான மருந்து ஆகும்.

ரிட்டுக்சிமாப் தருவதற்கு முன் கல்லீரல் அழற்சி பி தொற்றுக்கான சோதனை கட்டாயம். முன்னர் அத்தொற்று ஏற்பட்டு அடங்கியிருப்பவர்களிடம் இம்மருந்து வைரஸை மீண்டும் கிளர்ந்தெழச் செய்து, உயிருக்கு ஆபத்தான கல்லீரல் செயலிழப்பை உண்டாக்கக்கூடும். கல்லீரல் அழற்சி சி மருந்துகளாலும் இத்தகைய கிளர்ச்சி ஏற்படலாம் என்பதால் அவற்றுக்கு முன்னரும் இதே சோதனை செய்யப்படுகிறது. மேலும், ரிட்டுக்சிமாப் தானே ஓர் ஐஜிஜி என்பதால் நோயாளியின் ஐஜிஎம் அதனுடனும் பிணையக்கூடும். இதனால் கிரையோகுளோபுலின் மிகுந்த சிலரிடம் மருந்து தந்த சில நாள்களிலேயே நோய் திடீரென முற்றியது உண்டு.

பிற சிகிச்சைகள்

குருதி நீர்ம மாற்று: நோயாளியின் குருதியில் இருந்து நீர்மப் பகுதியை நீக்கி, மாற்று நீர்மம் செலுத்தப்படுகிறது. உயிருக்கு ஆபத்தான நிலையில் கிரையோகுளோபுலினை விரைவாகக் குறைக்க இது பயன்படும். உள்ளே செலுத்தும் நீர்மம் வெதுவெதுப்பாக்கப்பட வேண்டும். நீக்கிய புரதம் மீண்டும் உருவாகும் என்பதால், இதனுடன் பிற மருந்துகளும் தரப்படும்.

ஸ்டீராய்டுகள்: அழற்சியை விரைந்து தணிப்பதற்காகக் குறுகிய காலம் தரப்படுகின்றன. நெடுங்காலப் பயன்பாடு தொற்றுகளுக்கு இடமளிப்பதால் தவிர்க்கப்படுகிறது. கடும் நிலையில் சைக்ளோபாஸ்பமைடு என்னும் நோயெதிர்ப்பு அடக்கியும் பயன்படுத்தப்படலாம்.

துணைச் சிகிச்சை: குருதி அழுத்தத்தைக் கட்டுப்படுத்துதல், புண்களைத் தூய்மையாகப் பேணுதல், நரம்பு வலிக்கான மருந்துகள் ஆகியவை இதில் அடங்கும். விரல்கள் நிறம் மாறும் இயல்பு உள்ளவர்கள் குளிரைத் தவிர்ப்பதும், நெடுநேரம் நிற்பதைக் குறைப்பதும் நன்று. காரணம் தன்னெதிர்ப்பு நோயாகவோ நிணநீர்ப் புற்றுநோயாகவோ இருந்தால் அதற்குரிய சிகிச்சை அளிக்கப்படும்.

நோயின் போக்கு

நோயின் போக்கு ஆளுக்கு ஆள் வேறுபடும். பலரிடம் அது தோலோடும் மூட்டோடும் நின்றுவிடுகிறது. சிறுநீரகப் பாதிப்பு, முற்றிய கல்லீரல் இழைநார் வளர்ச்சி, கடும் தொற்றுகள், நிணநீர்ப் புற்றுநோய் ஆகியவையே உயிரிழப்புக்குரிய முதன்மைக் காரணங்கள் ஆகும். நீண்டகாலத்தில் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காட்டினரிடம் நிணநீர்ப் புற்றுநோய் தோன்றுகிறது.

இப்புற்றுநோய்களுள் சிலவும் வைரஸின் தூண்டலைச் சார்ந்தே வளர்கின்றன. 2002ஆம் ஆண்டில் பிரான்ஸ் ஆய்வாளர்கள், கல்லீரல் அழற்சி சி தொற்றும் மண்ணீரலில் ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோயும் உள்ள ஒன்பது பேருக்கு இன்டர்பெரான் அளித்தனர். வைரஸ் நீங்கியவர்களிடம் புற்றுநோயும் பின்வாங்கியது. வைரஸ் தொற்று இல்லாமல் அதே புற்றுநோய் கொண்டிருந்த ஆறு பேரிடம் இன்டர்பெரான் பலன் தரவில்லை.

வைரஸ் நீங்கிய பின்னரும் கணிசமான பகுதியினரின் குருதியில் கிரையோகுளோபுலின் சிறிதளவு தொடர்ந்து காணப்படுகிறது. நெடுங்காலத் தூண்டலால் பெருகிய பி-உயிரணுக்கள், தூண்டல் நின்ற பின்னும் ஓரளவு நிலைத்திருப்பதே இதற்குக் காரணம். பெரும்பாலோருக்கு இதனால் தொல்லை இல்லை. எனினும் வேறு தொற்று அல்லது புற்றுநோய் ஏற்படும்போது சிலரிடம் நோய் மீண்டும் தோன்றியுள்ளது. எனவே வைரஸ் நீங்கியவர்களும் சிறுநீர், குருதிச் சோதனைகளைத் தொடர்ந்து செய்துகொள்ள வேண்டும்.

தடுப்பு

கல்லீரல் அழற்சி சி நோய்க்குத் தடுப்பூசி இல்லை. குருதியைச் சோதித்த பின்னரே ஏற்றுதல், ஊசிகளை மீண்டும் பயன்படுத்தாமை, மருத்துவ, பல் மருத்துவக் கருவிகளையும் பச்சை குத்தும் ஊசிகளையும் தூய்மையாக்குதல் ஆகியவையே தொற்றைத் தடுக்கும் வழிகள் ஆகும். தொற்று உள்ளவர்களை அறிகுறிகள் தோன்றும் முன்னரே கண்டறிந்து சிகிச்சை அளித்தால், கலப்புக் கிரையோகுளோபுலினேமியாவின் பெரும்பகுதியைத் தோன்றாமலே தடுக்க இயலும்.

இவற்றையும் பார்க்க

கல்லீரல் அழற்சி சி
பிறபொருளெதிரி
குருதிக்குழாய் அழற்சி
முடக்குவாதம்
சோகிரன் நோய்க்கூட்டறிகுறி
நிணநீர்ப் புற்றுநோய்